மூன்று கம்ப்யூட்டர்களும் அஞ்சலையின் லயப் பதிவேடும்

1

மன்னார்குடியிலிருந்து தம்பி கடிதம் போட்டிருக்கிறான். அவன் ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். "அக்கா, அங்கே நீ ஆறு வருஷமாக அதோடுதானே மல்லுக்கட்டுகிறாய்? எந்த சிஸ்டம் நல்லது என்று எங்கள் சங்கத்து மாத இதழுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பு. எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுது" என்று உத்தரவு வேறு. புரிகிற மாதிரியாம்! டைப்ரைட்டிங் லோயரில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் சொல்கிறான்.

சரி, எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமாகி மலேசியா வந்து பதினான்கு வருஷமாகிறது. கோலாசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மணியம் தோட்டத்து டிரசர். டாக்டர் எப்போதோ ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் இவர்தான். நான் தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்த அன்று, "உங்களுக்குத்தான் வேகமாத் தட்டத் தெரியுமே" என்று சொல்லி அதையும் என் தலையில் கட்டினார்கள். இந்த ஆறு வருஷத்தில் மூன்று சிஸ்டங்களைப் பார்த்துவிட்டேன். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? பார்த்ததைச் சொல்கிறேன்.

2

சிஸ்டம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் துரைக்குத் தமிழ் வராது, தொழிலாளிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் கிராணி நிற்பார். கிராணி என்றால் ஆபீஸ் கிளார்க். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்வார், அந்தப் பக்கம் திட்டியதைக் கொஞ்சம் குறைத்து இந்தப் பக்கம் சொல்வார். கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற கிராணிதான் சிஸ்டம். கிராணி மாறினால் பேச்சுமுறை மாறும், கோபதாபம் மாறும்.

முதலில் வந்தது சிபிஎம். அதற்குப் பிறகு டாஸ். மூன்றாவது மெக்கின்டோஷ். அது ஆபீசுடையது இல்லை, சின்ன மேனேஜர் மிஸ்டர் லிம்முடைய சொந்தச் சொத்து. செகிஞ்சானில் நெல் விவசாயம் செய்கிற சீனக் குடும்பத்துப் பிள்ளை. ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வரும்போது கையோடு கொண்டுவந்தார்.

காலையில் எழுப்புவதிலேயே மூன்றும் மூன்று விதம். சிபிஎம் தேதியே கேட்காது. இன்று என்ன நாள் என்பது அதற்குத் தெரியாது, தெரியவேண்டும் என்ற ஆசையும் கிடையாது. டாஸ் தினமும் கேட்கும். எங்கள் மெஷினில் கடிகாரம் இல்லாததால், அணைத்தால் எல்லாம் மறந்துபோய் மறுநாள் 1980 ஜனவரி ஒன்று என்றுதான் கண்விழிக்கும். நாம் இன்றைய தேதியைச் சொல்லித் திருத்தவேண்டும், அதுவும் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் சொல்லி. பெரிய கிராணி தனபாலனுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. இந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு 'லா' ஒட்டி, "சும்மா என்டரைத் தட்டிட்டுப் போங்க லா, மிசஸ் மணியம். அதுக்கு என்ன கல்யாணத்துக்கா நாள் பாக்கறோம்?" என்பார். அதனால் எங்கள் கடிதங்களில் பாதி 1980 ஜனவரி ஒன்றில் பிறந்தவை. லயத்திலும் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று என்று எழுதிவிடுவதுதான் ஆபீஸ் வழக்கம். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மெக்கின்டோஷுக்கு மட்டும் கேட்காமலே நாளும் மணியும் தெரியும்.

டிஸ்க் மாற்றுவது இன்னொரு கூத்து. சிபிஎம்மில் ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால், 'புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்' என்று இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தித் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் அதில் எழுதப்போனால் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். நான் வந்த புதிதில் என்னுடைய பாஸைப் புதுப்பிக்க இமிகிரேஷன் வாசலில் நின்ற நாட்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே எனக்கு மலாயில் தெரிந்தது 'நன்றி' மட்டும். எதைக் கேட்டாலும் நன்றி என்பேன். கடைசியில் கூட வந்த என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "நீ வாயத் திறக்காம இரு, அதுவே நல்லது" என்றார்.

3

பெயர் வைப்பது. சிபிஎம்மும் டாஸும் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்கவிடாது. நம் பெயர்கள் எட்டு எழுத்தில் அடங்குகிற பெயர்களா? கலியபெருமாளுக்கு இங்கிலீஷில் 'கலியபே' வரை எழுதினாலே எட்டு தீர்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் மூன்று கலியபெருமாள். மெக்கின்டோஷில் அப்பன் பெயரையும் சேர்த்து எழுதலாம், நடுவில் இடமும் விடலாம்.

அழிப்பது. முதல் இரண்டிலும் 'அழி' என்று எழுதி என்டர் தட்டினால் தீர்ந்தது. மொத்தமாக எல்லாவற்றையும் அழிக்கப் போனால்தான் 'நிச்சயமா?' என்று கேட்கும். ஒன்றை அழித்தால் கேட்பதில்லை. மெக்கின்டோஷில் திரையின் மூலையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருக்கிறது. வேண்டாததை இழுத்துவந்து அதில் போட்டால் தொட்டி வீங்கிக்கொள்ளும். மனசு மாறினால், தொட்டியைக் காலி செய்வதற்குள் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் மகள் கவிதா. பத்து வயது. மிஸ்டர் லிம் பங்களாவுக்கு நாங்கள் போனபோது அரைமணி நேரத்தில் அந்த மெஷினோடு ஒட்டிக்கொண்டாள். "அம்மா, அத தோங் சம்பாவுல போடு. வேணும்னா பாலிக் எடுத்துக்கலாம், ஈஸி லா" என்றாள். தோங் சம்பா என்றால் மலாயில் குப்பைத்தொட்டி, பாலிக் என்றால் திரும்ப. ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷை. மாமாவுக்குத் தமிழில் இரண்டு வரி எழுது என்றால் மட்டும் மூக்கால் அழுவாள். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நாங்கள்தான். இப்போது குறைப்பட்டு என்ன பயன்?

நான் புறப்பட்டபோது மன்னார்குடியில் எங்கள் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். தாலுகா ஆபீஸ்காரர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார், அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு அடியில் என் பெயரை யாரும் படிக்கலாம். காகிதத்தில் அழித்தல் என்றால் அதுதான். கம்ப்யூட்டரில் அழிப்பதும் அது மாதிரிதான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

இனி நகல் எடுப்பது. தம்பி, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படி.

சிபிஎம்மில் நகல் எடுக்கும்போது எங்கே போகவேண்டும் என்பதை முதலில் எழுதவேண்டும், எங்கிருந்து என்பதைப் பிறகு. பி டிஸ்க்குக்கு, ஏ டிஸ்க்கிலிருந்து. டாஸில் நேர்மாறு. முதலில் எங்கிருந்து, பிறகு எங்கே. மூன்று வருஷம் ஒரு வழியில் ஓடிய விரல், மெஷின் மாறிவிட்டது என்பதற்காக மாறுமா?

எங்கள் ஆபீசில் லயப் பதிவேடு என்று ஐந்து பெரிய புத்தகங்கள் இருந்தன. எந்த வீட்டில் யார், எந்த நாளில் குடிவந்தார், நடுவில் எப்போது போனார், எப்போது திரும்பினார், பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். வேலை செய்ததற்குச் சேமநிதிச் சீட்டு சாட்சி. குடியிருந்ததற்கு இந்தப் பதிவேடுதான் சாட்சி. கரையான் அரித்துக்கொண்டிருந்ததால் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். முதல் நான்கு புத்தகங்களை சிபிஎம்மில் தட்டி அச்சடித்து வைத்தேன். ஒன்றின் டிஸ்க்கை மற்றது படிக்காது என்பதால், டாஸ் வந்ததும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப முழுவதும் தட்டினேன். மூன்றாம் டிவிஷன் லயத்துக்கான ஐந்தாவது புத்தகத்தை மட்டும் நேராகப் புது மெஷினில் ஏற்றினேன். ரிப்பன் தீர்ந்துபோயிருந்ததால் அச்சடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிந்தது. "முடிஞ்சிருச்சு சார்" என்று தனபாலனிடம் சொன்னேன். மனிதர் எப்போது எப்போது என்று காத்திருந்தவர். மற்ற நான்கைப் போலவே அதையும் ஆபீசுக்குப் பின்னால் தகர டிரம்மில் போட்டுத் தீ வைத்தார். நான் உள்ளே உட்கார்ந்து நகல் எடுத்தேன். பழைய விரல் பழைய வழியில் போனது. பி-யில் இருந்த பழைய கோப்பு, ஏ-யில் நான் மூன்று வாரமாகத் தட்டிய புதுக் கோப்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. டாஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டது' என்று மரியாதையாகச் சொன்னது. மிஸ்டர் லிம்மின் மெக்கின்டோஷ் என்றால், அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். பட்டியல் நான்காம் புத்தகத்தோடு நின்றது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டால் நகல் அசலின் முதுகில் விழும். மாஸ்டர் தலையில் குட்டுவார். ஆனால் அசல் இருக்கும். இங்கே அசலும் இல்லை, நகலும் இல்லை, புத்தகம் சாம்பல். நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் டிவிஷன் லயத்துக்காரர்கள் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பயம்தான், வேறென்ன?

5

இரண்டு மாதத்தில் அஞ்சலை வந்தார்.

மூன்றாம் டிவிஷனில் களை எடுக்கிற அம்மாள். அடுத்த வருஷம் ஐம்பத்தைந்து முடிகிறது. முடிந்தால் வேலையை விடவேண்டும், வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விடவேண்டும். புருஷன் இல்லை. ஒரு மகன் ரவாங்கில் லோரி ஓட்டுகிறான், நண்பர்களோடு ஒரே அறையில் இருக்கிறான். இன்னொருவன் ஜொகூரில், கடிதம்கூடப் போடுவதில்லை. கோலாசிலாங்கூரில் மலிவு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மனுப்போட நீல அட்டை வேண்டும், அதாவது குடியுரிமை. அஞ்சலையிடம் இருந்தது சிவப்பு அட்டை: இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. என்னிடம் இருப்பதும் அதுதான். நீல அட்டைக்கு, இத்தனை வருஷம் இங்கேதான் குடியிருந்தார் என்று தோட்டம் கடிதம் தரவேண்டும்.

தனபாலன் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னார். தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தட்டினேன். "மெஷின்ல பேரு இல்லன்னா நான் எப்பிடி லா சைன் போடுறது? நாளைக்கு என்னையில்ல கேப்பான்" என்றார்.

அஞ்சலை என் மேஜைக்கு வந்தார். "டிரசரம்மா, மெஷின்ல எம்பேரு இல்லியாமே? அப்ப இத்தன வருசமா நா எங்க இருந்தேனாம்?"

ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். போனதும் சொல்லிவிட்டேன்: "அஞ்சலையக்கா, உங்க பேரு இருந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன். தப்பு என்னோடது." காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிற நிலையில் இருந்தேன்.

அவர் ஒரு கோப்பி கலக்கிக்கொடுத்தார். "நீங்க அழிச்சா நா இல்லாமப் போயிருவனா? நா சொல்றேன், எழுதிக்கிங்க."

சொன்னார். கல்யாணமாகி வந்தது, பதினேழாம் நம்பர் வீடு, இரண்டு பையன்கள். பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்த வருஷம் புருஷன் பயந்துபோய்க் குடும்பத்தோடு கப்பலேறினார். பட்டுக்கோட்டைப் பக்கம் அவருடைய ஊர். அங்கே இரண்டு வருஷம். பிழைக்க வழியில்லாமல் திரும்ப இங்கேயே வந்தார்கள். அங்கே இருந்தபோது ஒரு பெண் பிறந்தாள், தவமணி. புறப்படுகிற சமயத்தில் கைக்குழந்தைக்குக் கடும் சீக்கு. புருஷனின் அக்கா, "தேறட்டும், பொறவு வந்து அழைச்சிக்கங்க" என்று வாங்கிவைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் புருஷன் செத்துப்போனார். போய் அழைத்துவர ஒருநாளும் முடியவில்லை. பெண்ணுக்கு அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. ஒரு போட்டோ வந்தது என்று தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பெண் அம்மா ஜாடை இல்லை.

மறுநாள் தனபாலனிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "நடுவுல வெளிய போயிருந்தா ஃபைல் கேஎல் போகும். போனா எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுக்குள்ள வீடெல்லாம் முடிஞ்சிரும் லா" என்றார். கேஎல் என்றால் கோலாலம்பூர்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. புத்தகம் இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷமும் அதில் இருந்திருக்கும். இப்போது புத்தகம் இல்லை. நான் தட்டுவதுதான் பதிவேடு. என் தப்பே அந்த அம்மாளுக்கு நல்லதாக முடியட்டுமே என்று நினைத்தேன். குடிவந்த நாளைத் தட்டினேன். 'போனார், திரும்பினார்' கட்டத்தைக் காலியாக விட்டேன். பெண் எங்கே பிறந்தாள் என்ற கேள்வி வந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்பதால், பிள்ளைகள் இரண்டு என்று போட்டேன். இந்தத் தடவை திசையை மூன்று முறை சரிபார்த்து நகல் எடுத்தேன். பெயர் வேறு டிஸ்க்கில் இருந்தது என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன், தனபாலன் கையெழுத்துப் போட்டார். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொரு ஞாயிறாகப் போய் எழுதி வந்தேன். அதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அஞ்சலையின் பதிவில் மட்டும் என்ன செய்தேன் என்று அவரிடமே சொன்னேன். "வீடு கெடச்சிரும்ல?" என்றார். கிடைக்கும் என்றேன். "சரிம்மா" என்றார்.

6

நீல அட்டைக்கான நேர்காணல் டவுன் ஆபீசில், மலாயில். சந்தை மலாய் அஞ்சலைக்கு என்னைவிட நன்றாக வரும். ஆபீஸ் மலாய் வேறு. மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். கவிதா அதிகாரி மாதிரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பாள். பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறீர்கள், வெளிநாட்டில் இருந்ததுண்டா, பிள்ளைகள் எத்தனை. பிள்ளைகள் எத்தனை என்றால் 'டுவா' என்று சொல்லவேண்டும். டுவா என்றால் இரண்டு. ஒரு தடவைகூட அஞ்சலை தப்பாகச் சொல்லவில்லை.

துணைக்கு நானும் போனேன். அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்கார அம்மாள், நல்ல மரியாதை. அஞ்சலையை உட்காரச் சொல்லி, காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். பெயர் கேட்டார். வீடு கேட்டார். அஞ்சலை மடமடவென்று பதில் சொன்னார்.

"பிள்ளைகள் எத்தனை பேர்?"

அஞ்சலை ஒரு நிமிஷம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "தீகா" என்றார். தீகா என்றால் மூன்று.

அதிகாரி தாளைப் பார்த்தார். "இங்கே இரண்டு என்று இருக்கிறதே?"

"ஒண்ணு இந்தியாவுல இருக்கு. பொண்ணு. பேரு தவமணி." அதையும் மலாயில்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

"எங்கே பிறந்தாள்?"

"அங்கதான்."

"அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"நானும் அங்கதான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நான் தட்டிய கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கோப்பு கோலாலம்பூருக்குப் போனது. இரண்டு வருஷம் ஆகிறது, பதில் இல்லை. தனபாலனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கன்னாபின்னாவென்று திட்டினார், பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பதிவேட்டில் அந்த இடத்தைத் திருத்தி, போனது, வந்தது, மூன்று பிள்ளைகள் என்று தட்டி, திருத்திய கடிதத்தையும் அனுப்பினோம். மலிவு வீடுகள் மற்றவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. அஞ்சலை லயத்தைக் காலி செய்துவிட்டு, தஞ்சோங் காராங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் இருக்கிறார். காலையில் அங்கேயே பாத்திரம் கழுவுகிறார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

அன்று நேர்காணல் முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்படி ஒரு கோபம். என் வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, இந்த அம்மாளுக்குக் கையில் கிடைத்த வீட்டைத் தட்டிவிட்டுக்கொள்ள எப்படி மனசு வந்தது என்பது பாதி. வழியில் காப்பார் என்ற ஊர் தாண்டும்வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? எத்தன நாள் சொல்லிக் குடுத்தோம்! டுவான்னு ஒரு வார்த்த, அதச் சொல்ல முடியலியா உங்களுக்கு?"

அஞ்சலை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"நீங்க சொல்லிக் குடுத்தது ரெண்டும்மா. நா பெத்தது மூணு."